கப்பல் கிளம்பும் நேரம் வேறு, நாம் போய்ச் சேர வேண்டிய நேரம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் பகுதியில் திருப்பதி, கொடைக்கானல் பேச்சோடு இப்போது சொகுசுக் கப்பல் பேச்சும் சேர்ந்துகொண்டது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா கப்பல் பயணம் தொடங்கிய பிறகு, கடற்கரையே இல்லாத தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்கிறார்கள். சிலர் பெங்களூரில் விமானம் ஏறிப்போய் சிங்கப்பூரில் கப்பல் பிடிக்கிறார்கள். எந்தக் கப்பல், எந்த அறை, என்ன கட்டணம் என்று பத்துப் பேரிடம் விசாரிப்பவர்கள், துறைமுகத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை மட்டும் கடைசி நாள் வரை கேட்பதில்லை. பயணத்தின் முதல் நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் ஒரே நேரம்தான். வண்டி கிளம்பும் நேரம். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஓடிப்போய் ஏறியும் பழகியிருக்கிறோம். கப்பலுக்கு மூன்று நேரங்கள் உண்டு. முதலாவது, ஆன்லைன் செக்-இன் செய்யும்போது நமக்கு ஒதுக்கப்படும் வருகை நேரம். அரை மணி அல்லது ஒரு மணி நேர இடைவெளியாக போர்டிங் பாஸில் அச்சாகியிருக்கும். இரண்டாவது, ஏறும் கதவை மூடும் நேரம். மூன்றாவதுதான் கப்பல் கிளம்பும் நேரம். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த மூன்றாவது. பயணிக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் அதுவே. கதவு மூடுவது கிளம்புவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நடந்துவிடும். சரியான கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட்டின் நிபந்தனைப் பகுதியில் எழுதியிருப்பார்கள். மாலை 5 மணிக் கப்பல் என்று 4 மணிக்குப் போய் நிற்பவர், கண்ணெதிரே நிற்கும் கப்பலில் ஏற முடியாமல் திரும்ப நேரிடும்.

ஏன் அவ்வளவு சீக்கிரம் மூடுகிறார்கள் என்று கோபப்படுவோர் உண்டு. காரணம் இருக்கிறது. கப்பலில் ஏறியவர்களின் இறுதிப் பட்டியலை அதிகாரிகளிடம் கொடுத்த பிறகுதான் கப்பல் நகரலாம். அமெரிக்கத் துறைமுகங்களில் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்பே அந்தப் பட்டியல் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. பட்டியல் மூடிய பிறகு ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் எல்லாவற்றையும் மறுபடி திறக்க வேண்டும். அதற்குள் பெட்டி ஏற்றும் கதவையும் மூடி, ஏணிப்பாலத்தையும் எடுக்க ஆரம்பித்திருப்பார்கள். துறைமுகத்தின் வழிகாட்டி மாலுமிக்கும் இழுவைப் படகுகளுக்கும் மணி குறித்தாகிவிட்டது. பின்னால் வேறு கப்பல்கள் காத்திருக்கும். இரண்டு பேருக்காக ஆயிரம் பேரை நிறுத்தி வைக்க கேப்டனுக்கு வழியில்லை. வராமல் போனவர்களுக்குப் பணம் திரும்ப வருவதும் அரிது.

இது எல்லாருக்கும் ஓரளவு தெரியும் என்பதால், நம்மவர்கள் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். விடியற்காலையிலேயே போய் வரிசையில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்கிறார்கள். கோயில் தரிசனத்துக்கு அது சரி. கப்பலுக்கு அது தப்பு. கப்பல் துறைமுகத்தில் நமக்காகக் காலியாக நிற்பதில்லை. அதே நாள் காலையில்தான் முந்தைய பயணத்தை முடித்துக்கொண்டு கரைக்கு வருகிறது. பழைய பயணிகள் இறங்க ஒன்பதரை, பத்து மணி வரை ஆகும். கடைசி ஆளும் இறங்கி, தலைக்கணக்கு சரியான பிறகே புதியவர்களை ஏற்றுவார்கள். அதற்குள் அறைகளைத் துடைத்து, படுக்கை மாற்றி, சரக்கு ஏற்ற வேண்டும். அறைகள் பகல் ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான் தயாராகும். ஆகவே காலை எட்டு மணிக்கு வாயிலில் நின்றால், பெட்டியோடு வெளியே வரும் கூட்டமும், அவர்களை ஏற்றிப்போக வந்த டாக்சிகளும், நாமும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வோம். உட்கார இடம் இருக்காது, நிழல் குறைவு, வண்டியை நிறுத்தினால் போலீஸார் நகர்த்தச் சொல்வார்கள். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் இது சோதனைதான்.

வரிசை எப்படி உண்டாகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200 பயணிகள், 20 கவுன்ட்டர், ஒருவருக்கு 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கவுன்ட்டர் மணிக்கு 20 பேரைப் பார்க்கும். மொத்தம் மணிக்கு 400 பேர். 11 மணி முதல் 2 மணி வரை அவரவர் நேரத்துக்கு வந்தால் யாரும் நீண்ட நேரம் நிற்க வேண்டியதில்லை. ஆனால் 11 மணிக்கே 800 பேர் வந்து நின்றுவிட்டால், அந்த 800ஆவது ஆள் இரண்டு மணி நேரம் நிற்பார். மீதி 400 பேர் அவரவர் நேரத்துக்கு வர, 1.30க்கு வருகிறவர் அரை மணியில் உள்ளே போய்விடுவார். முன்னால் வந்தவரும் பின்னால் வந்தவரும் கப்பலுக்குள் போவதில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் ஒருவர் கால் கடுக்க நின்றிருக்கிறார், இன்னொருவர் விடுதியில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். சிங்கப்பூர் போன்ற இடங்களில் 4,000 பேருக்கு மேல் ஏறும் கப்பல்களுக்கும் இதே கணக்குதான். எண்கள் மட்டும் பெரிது.

அப்படியானால் எந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பது? கப்பலுக்குள் மதியச் சாப்பாடு, நீச்சல் குளம் எல்லாவற்றையும் முதல் நாளே அனுபவிக்க வேண்டும் என்பவர்கள் முதல் நேரத்தை எடுக்கலாம். செக்-இன் திறந்த அன்றே பதிவு செய்தால்தான் அது கிடைக்கும். ஆனால் அவர்களும் வாயிலில் 10.50க்கு நிற்கலாம், 8.50க்கு வேண்டாம். வயதானவர்கள், சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு எங்கள் பரிந்துரை பகல் ஒன்றரை மணிக்கு மேல், கடைசி நேரத்துக்கு ஒரு படி முன்பு. கூட்டம் வடிந்திருக்கும், அறையும் தயாராக இருக்கும், நேரே போய்ப் படுக்கலாம். ஒன்றே ஒன்று: கப்பலில் மதிய உணவு மூன்று, மூன்றரைக்கு முடிந்துவிடலாம். சர்க்கரை நோயாளிகள் அதை நம்பிப் போகாமல் 12 மணிக்கே சாப்பிட்டுவிடுவது நல்லது.

நம் மாவட்டங்களிலிருந்து அன்றைக்கே காரில் கிளம்பிப் போகிறவர்கள் கடைசி நேரத்தை எடுக்கவே கூடாது. நடுவில் உள்ள நேரத்தை எடுங்கள். 12.30 உங்கள் நேரம், 3.30க்குக் கதவு மூடுகிறார்கள் என்றால், வழியில் எது நடந்தாலும் தாங்க மூன்று மணி நேரம் கையிருப்பு இருக்கும். தாமதமாக வந்தவர்களைக் கதவு மூடும் வரை வரிசையில் பின்னால் சேர்த்துக்கொள்வது வழக்கம். கடைசி நேரத்தை எடுத்தால் அந்தக் கையிருப்பு அரை மணிகூட இருக்காது. ஒரு பஞ்சரே போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 260 கிலோமீட்டர், தர்மபுரியிலிருந்து சுமார் 300. வாணியம்பாடி, வேலூர் வரை வண்டி சீராக ஓடும். ஏமாற்றுவது அதற்குப் பிறகு. வாலாஜாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், பூந்தமல்லி வரை சாலை விரிவாக்கப் பணிகளும் தொழிற்சாலைப் பேருந்துகளும் வேகத்தைக் குறைக்கும். பூந்தமல்லியிலிருந்து துறைமுகம் சுமார் 25 கிலோமீட்டர்தான் என்றாலும் அதற்கே ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். மொத்தம் ஐந்தரை மணி நேரம், காலை டிபனுக்கு அரை மணி. 12.30க்குச் சேர வேண்டியவர்கள் கிருஷ்ணகிரியில் 6.30க்கும் தர்மபுரியில் 5.30க்கும் சக்கரத்தை உருட்டியாக வேண்டும். நள்ளிரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு வேன் எடுப்பது வேண்டாம். டிரைவருக்குக் கண் சொருகுவது விடியலுக்குச் சற்று முன்தான். இறங்கிய பிறகும் ஐந்தாறு மணி நேரம் தெருவில் காத்திருக்க வேண்டும்.

முந்தைய நாளே போய்விடுவதுதான் நிம்மதி. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் நிலையம் இல்லாததால் ஜோலார்பேட்டை போய் ஏறலாம், தர்மபுரிக்காரர்களுக்கு மொரப்பூர். சென்ட்ரலிலிருந்து துறைமுகம் மூன்று கிலோமீட்டர் அளவுதான். இரவு ரயிலில் போனால் அதிகாலையிலேயே இறங்கிவிடுவோம் என்பதால், பெரியமேடு, எழும்பூர் பக்கம் அறை எடுக்கும்போது 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று முதலிலேயே கேளுங்கள். 12 மணிக்குக் காலி செய்யச் சொல்லும் விடுதியில் அறை எடுத்துவிட்டு, கப்பலுக்குப் பகல் 2 மணி வருகை நேரத்தைத் தேர்ந்தெடுத்தால், பெட்டியோடு நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். பேருந்தில் போகிறவர்கள் எந்த நிலையத்தில் இறக்கிவிடுவார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். கிளாம்பாக்கத்தில் இறங்கினால் துறைமுகம் 30 கிலோமீட்டருக்கு மேல்.

துறைமுகத்துக்கு ஒரு வாயில் இல்லை. ராஜாஜி சாலையை ஒட்டிப் பல வாயில்கள் உண்டு. ‘சென்னைத் துறைமுகம்’ என்று மட்டும் செல்போன் வரைபடத்தில் போட்டால் சரக்கு லாரிகள் போகும் பக்கத்தில் கொண்டுபோய் விடலாம். அது பாதுகாக்கப்பட்ட பகுதி. ஒரு வாயிலில் நுழைந்து உள்ளேயே இன்னொன்றுக்குப் போக விடமாட்டார்கள். போர்டிங் பாஸில் உள்ள வாயில் எண்ணை டிரைவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். சொந்தக் காரில் போய் நான்கு நாள் நிறுத்திவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இடம் உண்டா என்று எழுத்தில் உறுதி வாங்காமல் போனால், அந்த ஒன்றுக்கே ஒரு மணி நேரம் அலைய வேண்டியிருக்கும்.

சரியான நேரத்துக்குப் போயும் கவுன்ட்டரில் மாட்டிக்கொள்வது எதனால் என்றால், நம் ஊரில் முதல் காரணம் இனிஷியல். ஆதாரில் ‘க. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் கந்தசாமி’, டிக்கெட்டில் ‘முருகன் கே’ என்று இருந்தால் மூன்று நிமிட வேலை முப்பது நிமிடமாகிவிடும். பதிவு செய்யும் இணையதளம் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும்; அவசரத்தில் ஓர் எழுத்தையோ ஒரு புள்ளியையோ போட்டு நிரப்பிவிடுகிறார்கள். எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறோமோ அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைக் கப்பல் தொட்டாலும் பாஸ்போர்ட்தான். ஆறு மாதமாவது செல்லுபடி மீதி இருக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு அரசு தந்த புகைப்பட அடையாள அட்டையின் அசலை எடுத்துச் செல்லுங்கள், செல்போனில் உள்ள படத்தை நம்பாதீர்கள். குழந்தைக்கும் தனி ஆவணம் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையையும், 24 வாரத்தை எட்டிய கர்ப்பிணியையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. இதை வாயிலில் போய்த் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய வேதனை என்று சொல்ல வேண்டியதில்லை.

இருபது, முப்பது பேராகச் சேர்ந்து வேனில் போகும் வழக்கம் நம் பக்கம் அதிகம். எல்லாருடைய ஆவணங்களையும் ஒருவர் பையில் போட்டு வைக்காதீர்கள். ஒருவருடைய அட்டையைத் தேடும்போது முப்பது பேரும் நிற்க வேண்டியிருக்கும். குடும்பத்துக்கு ஓர் உறை. அதில் அசல் ஆவணம், தாளில் அச்சிட்ட போர்டிங் பாஸ், டாக்டர் சீட்டு. முடித்த குடும்பம் உள்ளே போய்விடட்டும், சந்திப்பைக் கப்பலுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி விஷயமும் நேரத்தோடு சேர்ந்ததே. வாயிலில் கொடுக்கும் பெரிய பெட்டி நம்மோடு வராது. எல்லாரின் பெட்டிகளும் ஸ்கேனரில் போய், கூண்டு வண்டியில் ஏறி, அறை வாசலுக்கு வரச் சாயங்காலம் ஆகும், சில நேரம் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும். ஆகவே பி.பி., சர்க்கரை மாத்திரை, இன்சுலின், கண்ணாடி, சார்ஜர், குழந்தைக்கு ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். அறை எண் அச்சிட்ட டேகை வீட்டிலேயே ஒட்டி, மேலே டேப் சுற்றிவிடுங்கள். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், மின் அடுப்பு, கத்தி, தீப்பெட்டி, கற்பூரம் எதுவும் கூடாது. தீ என்பது கப்பலில் மிகப் பெரிய பயம். இவற்றில் ஒன்று இருந்தாலும் பெட்டியை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். நாம் தேடிப் போய்த் திறந்து காட்ட வேண்டும். இன்னொன்று மாம்பழம். தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் கப்பல் கிழக்குக் கரைக்கு வருகிறது. நம் கிருஷ்ணகிரி மாம்பழமும் அப்போதுதான். உறவுக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடை கட்டுவதுபோலக் கப்பலுக்கும் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். பழங்களையும் வீட்டில் சமைத்த உணவையும் பொதுவாக உள்ளே விடமாட்டார்கள். செந்தூராவையும் பெங்களூராவையும் ஸ்கேனர் பக்கத்தில் விட்டுவிட்டு வர மனசு வராமல் வாக்குவாதம் செய்வதில், பின்னால் நிற்பவர்களின் நேரமும் போகிறது.

சக்கர நாற்காலி தேவைப்படுவோர் பதிவின்போதே எழுதிக் கேட்க வேண்டும். வாயிலில் கேட்டால், முன்பே கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் வரும்.

ஏறியவுடன் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடாமல் பாதுகாப்புப் பயிற்சி எங்கே, எப்போது என்று பாருங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கன்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பலருக்கு அந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றிருந்த விதி அதன் பிறகு மாறியது. 2015 ஜனவரி முதல், கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும். கடைசியில் ஓடி வந்து ஏறுகிறவர்கள் மூச்சிரைக்க நேரே பயிற்சிக்குத்தான் போக வேண்டும். எங்கே லைஃப் ஜாக்கெட், எந்தப் படகு என்பது காதில் ஏறாது. நேரத்தோடு ஏறச் சொல்வதற்கு இதுவே போதுமான காரணம்.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கப்பல் கிளம்பும் நாளில் போய் இறங்கும் விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் 120 கிலோமீட்டருக்கு மேல், ஓசூர் சாலையையும் பெங்களூரு நகரத்தையும் தாண்டிப் போக வேண்டும். ஒரு விமானம் நழுவினால் கப்பலும் நழுவும். அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். கைக்கடிகாரத்தை இறங்கியதும் மாற்றுங்கள். கப்பல் நிலையமும் அங்கே ஒன்றல்ல, இரண்டு: மெரினா பே பக்கம் ஒன்று, ஹார்பர்ஃப்ரன்ட் பக்கம் ஒன்று. மெட்ரோவில் முதலாவதற்கு மெரினா சவுத் பியர் நிலையம், இரண்டாவதற்கு ஹார்பர்ஃப்ரன்ட் நிலையம். கப்பல் ஏறி மீண்டும் சிங்கப்பூருக்கே வருவதால், பலமுறை நுழையும் விசாதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூருக்குள் நுழைய அந்நாட்டுக் குடிவரவுத் துறை கேட்கும் வருகை அட்டையை, சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்; அதற்குக் கட்டணம் கிடையாது. திரும்பி வரும்போது கப்பலிலிருந்து இறங்கவும் மறுபடி நிரப்ப வேண்டும்.

இந்த ஊர்களில் டிக்கெட் போட்டுத் தரும் டிராவல்ஸ் நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தாளில் மூன்று நேரங்களையும் வாயில் எண்ணையும் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுங்கள். பதிவில் உங்கள் செல்போன் எண்ணைப் போடாமல் பயணியின் எண்ணையே போடுங்கள். வானிலையாலோ முந்தைய துறைமுகத்தில் தாமதத்தாலோ கப்பல் பிந்தி வந்தால் மாற்று நேரத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார்கள். அது தர்மபுரிக் கடையில் இருக்கும் உங்கள் போனுக்கு வந்து, நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தால், அந்தக் குடும்பம் ராஜாஜி சாலை வெயிலில் காரணம் தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கிருஷ்ணகிரி.